நானூறு மில்லி

என் மச்சானுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் கொடுக்கலாம் என்று மருத்துவர் சொன்னாரோ, அதில் பாதிகூட நான் கொடுக்கவில்லை. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல; மாசிக் கடைசியில் தொடங்கிச் சித்திரை பாதி வரைக்கும். மறந்துபோய்ச் செய்யவில்லை. அளக்கத் தெரியாமலும் செய்யவில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தியவன் நான். அவருடைய நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று விரும்பிச் செய்தேன்.

மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். அக்கா இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவளைக் கொண்டுபோனதும் சிறுநீரகம்தான்.

அப்போது அவர்கள் எழுமலைக்குப் பக்கத்தில் தோட்டத்து வீட்டில் இருந்தார்கள். அக்காவுக்கு முதலில் கால் வீங்கியது, பிறகு முகம். நான்தான் இருவரையும் மதுரையில் ஒரு பெரிய மருத்துவரிடம் அழைத்துப் போனேன். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்ய வேண்டியிருக்கும், அதற்கான சிறிய அறுவையைக் கையில் உடனே செய்துகொள்ளுங்கள் என்றார். மச்சான் உசிலம்பட்டியில் பஸ் மாறும்போதுதான் பேசினார்.

"மெசின்ல ஒருக்கா படுத்தா அப்புறம் எந்திரிக்க விட மாட்டாய்ங்க மாப்ள. நம்ம பக்கத்துல படுத்தவன் எவன் பொழச்சிருக்கான்? வாரம் மூணு நாளு இவளக் கூட்டிக்கிட்டு அலைஞ்சா வெள்ளாமைய யாரு பாக்குறது?"

அக்கா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஒரு பச்சிலை வைத்தியர். இலையில் மடித்த கறுப்புப் பொடி, உப்பில்லாச் சோறு, தொண்டை நனைகிற அளவுக்கு மட்டும் தண்ணீர். நான்கு மாதம் தாங்கினாள். கடைசி நாள் பிற்பகலில் அவள் தண்ணீர் கேட்டாள். மச்சான் தடுத்துவிட்டார். பொழுது சாயுமுன் போய்விட்டாள். சாகிறவளுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க விடாத மனுஷன் என்று சொந்தபந்தம் அத்தனை பேரிடமும் சொன்னேன். அவர் இருக்கிற விசேஷ வீட்டுக்குப் போவதையும் நிறுத்தினேன்.

பிறகு சர்க்கரை நோய் அவருடைய சிறுநீரகத்தையும் தின்று முடித்தது. செய்தி வந்தபோது நான் சந்தோஷப்பட்டேன். அதையும் இங்கே எழுதிவிட வேண்டும். அன்று மதியம் நல்ல பசியோடு சாப்பிட்டேன்.

அக்காவுக்கு ஒரே மகள். எனக்கு மருமகள் முறை. காளவாசலுக்கு மேற்கே என் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளிக் குடியிருக்கிறாள். அரசு அலுவலகத்தில் வேலை, கணவன் வெளிநாட்டில். அப்பாவைத் தன்னோடு அழைத்து வைத்துக்கொண்டவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் தேடி வந்தாள்.

"மாமா, நீங்க அப்பாகூடப் பேசுறதில்லன்னு தெரியும். எனக்குக் கூடப் பொறந்தது யாரும் இல்ல. தாய்மாமன்னு இருக்கறது நீங்க ஒரு ஆளுதான். பகல்ல மட்டும் பாத்துக்கிட்டாப் போதும். ஆஸ்பத்திரிக்கும் நீங்கதான் கூடப் போகணும்."

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மறுக்க முடியாத காரியம் என்று சில உண்டு. அதற்காகத்தான் ஒத்துக்கொண்டேன் என்று ஊர் நினைத்தது. முதல் இரண்டு நாள் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் டயாலிசிஸ். அக்காவுக்கு வேண்டாம் என்று சொன்ன மெசினில், தனக்கென்று வந்ததும் மனிதர் மறுபேச்சில்லாமல் போய்ப் படுத்தார். இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்துத் தைக்கும் அறுவையும் முன்பே முடிந்திருந்தது. டெக்னீஷியன் பெண் ஊசி ஏற்றும்போது, "மெல்லம்மா, மெல்ல" என்றார். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் ஆட்டோவை முதல் நாளே சொல்லி வைத்துவிடுவாராம். வெள்ளாமையைக் குத்தகைக்கு விட்டிருந்தார். அப்படியானால் அன்றைக்கும் விட்டிருக்கலாம். அந்த நாற்காலியில் நான்கு மணி நேரம் உட்கார்ந்து, கண்ணாடி மாதிரிக் குழாயில் அவருடைய ரத்தம் போய் வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் மனம் அங்கேதான் திரும்பியது.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சிறுநீரகம் நின்றுபோனவர்களுக்கு உடலில் சேரும் தண்ணீர் வெளியே போக வழியில்லை. நுரையீரலில் சேர்ந்தால் மூச்சு முட்டும். அதனால் அளந்துதான் குடிக்க வேண்டும். ஆனால் சிலருக்கு டயாலிசிஸ் தொடங்கிய பிறகும் கொஞ்ச காலம் சிறுநீர் போகும். டயாலிசிஸ் கூடத்தில் அவர்கள்தான் பணக்காரர்கள். அடுத்த கட்டிலில் படுக்கும் ஓய்வுபெற்ற பஸ் டிரைவருக்கு ஒரு சொட்டும் போவதில்லை. மச்சானைப் பார்த்தால் அவருக்குப் பொறாமை.

"என்னண்ணே, இன்னைக்கு எம்புட்டு?"

"நானூறு மில்லி இருக்கும்."

"உங்களுக்கென்ன, ஜமீன்தாரு. நான் எல்லாம் ரெண்டு இட்லிக்கு சட்னி தொட்டுக்கவே யோசிக்கணும்."

மச்சான் அதைக் கேட்டுச் சிரிப்பார். அந்த நானூறில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது.

இரண்டாவது வாரம் மருத்துவர் வந்தார். அன்று சனிக்கிழமை; விடுமுறை என்று கூட வந்திருந்த மருமகள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். மச்சான் ரத்த அழுத்தம் இறங்கி அரைத் தூக்கத்தில் கிடந்தார். மருத்துவர் என்னிடம் சொன்னார்: "நேத்து எவ்வளவு யூரின் போச்சுன்னு அளந்துக்குங்க. அதோட ஐந்நூறு மில்லி சேர்த்து இன்னைக்குக் கொடுங்க. டீ, மோர், கஞ்சி எல்லாம் அதுல அடக்கம்." அதாவது தொள்ளாயிரம் மில்லி.

மருமகள் மேலே வந்து, "டாக்டர் என்ன சொன்னாரு மாமா?" என்றாள்.

"தண்ணிய ரொம்பச் சுருக்கணும்னாரு. நாள் முழுக்க நானூறு மில்லி. எல்லாம் சேத்து."

முன்கூட்டி யோசித்துச் சொன்னது அல்ல. ஆனால் சொன்னதும் எனக்குள் ஏதோ குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி எனக்கு வேண்டியிருந்தது.

மறுநாள் என் வீட்டிலிருந்த கண்ணாடி அளவு உருளையை எடுத்துப் போனேன். வாத்தியார் கண்ணாடி உருளையில் அளந்து ஊற்றினால் யார் கேள்வி கேட்பார்கள்? கிழங்கையும் காயையும் வேகவைத்துத் தண்ணீரை இறுத்துவிட்டு மறுபடி வேகவைப்பேன், பொட்டாசியம் குறையும். அவ்வளவு சிரத்தை. "மாமா இல்லாட்டி நான் என்ன ஆகியிருப்பேனோ" என்று மருமகள் அலுவலகத்தில் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுப்போம். அதற்குப் பிறகுதான் பேச்சு. அப்பாவின் கண்ணில் படக்கூடாது என்று மருமகள் அந்தப் பழக்கத்தை அடுப்படிக்கு மாற்றியிருந்தாள். வந்தவர்களை உள்ளே கூப்பிட்டுக் கொடுப்பாள். பகலில் பொறுப்பு என்னிடம் வந்ததும் நான் அதைத் திரும்பக் கூடத்துக்குக் கொண்டுவந்தேன். மண்பானையில் மொண்டு, சொம்பு வேர்க்க வேர்க்க எடுத்துவந்து, மச்சானின் கட்டிலுக்கு எதிரில் நின்று கொடுப்பேன். வெயிலில் வந்தவர்கள் அண்ணாந்து குடிப்பார்கள். மச்சானின் தொண்டையும் அவர்களோடு ஏறி இறங்கும். "இன்னும் கொஞ்சம்?" என்று கேட்பேன், வந்தவர்களிடம்.

பங்குனியில் அவர் கெஞ்சத் தொடங்கினார்.

"மாப்ள, ஒரு வாய். நாக்க மட்டும் நனைச்சுக்கிறேன்."

"வைத்தியரு சொன்னதத் தாண்டலாமா மச்சான்?"

அந்த வார்த்தையை நான் வேண்டுமென்றே சொன்னேன். டாக்டர் என்று சொல்லவில்லை. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது அக்காவிடம் ஏதோ கொண்டுபோய்ச் சேர்ப்பவனைப்போல நடந்தேன்.

ஒருநாள் குளித்துவிட்டு வந்தவர் ஈரத் துண்டின் முனையை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார். நான் பார்ப்பது தெரிந்தும் நிறுத்தவில்லை. துண்டை வாங்கிப் பிழிந்து கொடியில் போட்டேன்.

டயாலிசிஸ் கூடத்தில் எங்களுக்கு நல்ல பெயர். "தாத்தாவுக்குத் தண்ணி எடையே ஏறல. எல்லாரும் இவரப் பாத்துக் கத்துக்கங்க" என்று டெக்னீஷியன் பெண் மற்ற நோயாளிகளிடம் சொல்வாள். ஆனால் மூன்றாம் மணி நேரத்தில் அவருக்குக் கெண்டைக்கால் இழுக்க ஆரம்பித்தது. பல்லைக் கடித்துக்கொள்வார். நான் காலைப் பிடித்துவிடுவேன். பிடித்துவிடும்போது என் கைக்குள் அந்தத் தசை கல்லாக இறுகுவது தெரியும். நான் அவசரப்படாமல் பிடித்துவிடுவேன்.

தினமும் காலையில் அவருடைய சிறுநீரை அளப்பதும் நான்தான். நானூறு முந்நூறானது. முந்நூறு இருநூறானது. நிறம் தேயிலைச் சாறு மாதிரி ஆனது. உடலில் தண்ணீர் வற்றினால் மிச்சமிருக்கிற சிறுநீரகமும் படுத்துவிடும் என்று எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். தெரியும். மருமகள் கேட்டால், "அப்படியேதான் போகுதும்மா" என்பேன்.

சித்திரையில் ஒரு திங்கட்கிழமை. சனிக்கிழமைக்குப் பிறகு செவ்வாய் வரை டயாலிசிஸ் இல்லை. உடம்பில் எல்லாம் சேர்ந்து கிடக்கும் நாள். மருமகள் வேலைக்குப் போயிருந்தாள். சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் கண்ணயர்ந்தேன். விழித்தபோது கட்டில் காலி. தெருமுனைக்கு ஓடினேன். இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்திருந்தார். காலடியில் மூன்று காய்கள் வெட்டிக் கிடந்தன.

வண்டிக்காரர் சிரித்தார். "பெரியவரு நல்ல தாகத்துல வந்தாரு போல. மூணாவத வாயிலருந்து எடுக்கவே இல்ல."

இளநீர் முழுக்கப் பொட்டாசியம். இவர்களுக்கு அது இதயத்தை நிறுத்தும். வகுப்பில் எத்தனையோ ஆண்டு நான் எழுதிப்போட்ட தனிமம். அவரைக் கைத்தாங்கலாக எழுப்பினேன்; கால் நிற்கவில்லை. "காலு மரத்துப் போச்சு மாப்ள" என்றார். ஆட்டோவில் அவர் தலை என் தோளில் சாய்ந்தபோது நாடியைப் பிடித்துப் பார்த்தேன். துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையே நீண்ட இடைவெளி. எனக்கு வேண்டியது இதோ என் தோளில் வந்து கிடக்கிறது என்று தோன்றியது. அதே நேரம், "வேகமாப் போங்கண்ணே, வேகமா" என்று ஆட்டோக்காரரிடம் கத்திக்கொண்டும் இருந்தேன். இரண்டும் நான்தான்.

ஈ.சி.ஜி. பார்த்துவிட்டு ஊசி மேல் ஊசி போட்டார்கள். உடனே டயாலிசிஸில் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டார்.

அலுவலகத்திலிருந்து ஓடி வந்த மருமகள், அவர் கண் திறந்ததும் திட்டத் தொடங்கினாள். "உங்களுக்கு வெக்கமா இல்லையாப்பா? மாமா இந்த வயசுல சொட்டுச் சொட்டா அளந்து உங்கள உசிரோட வச்சிருக்காரு. நீங்க சின்னப் புள்ள மாதிரி களவாண்டு குடிச்சிட்டு வந்து படுத்திருக்கீங்க. அவருக்கு நீங்க குடுக்குற மரியாதை இதுதானா?"

அவர் என்னைத்தான் பார்த்தார். திட்டு வாங்கியது அவர். ஆனால் என் முகம்தான் எரிந்தது.

அவள் வெளியே போனதும் சொன்னார்: "நானூறு இல்லன்னு எனக்குத் தெரியும் மாப்ள."

நான் போர்வையை இழுத்து அவர் காலை மூடினேன்.

"பக்கத்துக் கட்டில் டிரைவரு என்னைக்கோ சொல்லிட்டான். போனதுக்கு மேல அரை லிட்டரு குடிக்கலாம்னு."

"தெரிஞ்சும் ஏன் மச்சான் கேக்கல?"

"எம்புட்டு நாளு செய்வன்னு பாத்தேன்." உதட்டை நக்கிக்கொண்டார். "உங்கக்காவுக்காகச் செய்றேன்னு நெனைச்சுக்கிட்டுத்தான செஞ்ச? அவ தண்ணி கேட்டது யாருகிட்ட? உன்கிட்ட. மொண்டு எடுத்தது யாரு? நீயி. நான் வாசப்படியில நின்னு வேணாம்னேன். உன் கையப் புடிச்சேனா? டம்ளரப் புடுங்குனேனா? நீயாத்தான கீழ வச்ச."

அது உண்மை. பன்னிரண்டு ஆண்டுகளாக ஊரெல்லாம் சொன்ன கதையில் அந்த இடத்தை மட்டும் நான் சொன்னதில்லை. டம்ளரைத் தரையில் வைத்தேன். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

"அந்தப் பொடி என்னான்னு எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். படிச்சவன். நீ ஒரு வார்த்தை அடிச்சுச் சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேன். பொடி வந்த அன்னைக்கு, பரிச்சைப் பேப்பரு திருத்தணும்னு பஸ் ஏறிப் போயிட்ட. நான் கூறுகெட்டவன், செஞ்சேன். நீ?"

மருமகள் வரும் காலடி கேட்டு நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

செய்ததைச் சரி செய்ய எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: மருமகளிடம் சொல்லிவிடுவது. அவள் என்னைத் துரத்தட்டும், முகத்தில் காறித் துப்பட்டும். அவர் வீடு திரும்பிய அன்று, அவர் முன்னாலேயே சொன்னேன். மருத்துவர் சொன்ன அளவையும், நான் மாற்றிச் சொன்னதையும், சிறுநீர் குறைந்ததை மறைத்ததையும், ஏன் செய்தேன் என்பதையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் மெதுவாக அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

மச்சான் தலையணையில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "மாமாவுக்கு வயசாயிருச்சும்மா. நான் எளனி குடிச்ச பழியத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கிறாரு. டாக்டரு நானூறுன்னுதான் சொன்னாரு. நானும் கேட்டேன்ல."

மருமகள் அழுதுவிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா செஞ்ச தப்புக்கு நீங்க ஏன் மாமா இப்படி மனச வருத்திக்கிறீங்க?"

அவள் முகம் கழுவப் போனதும் அவர் என்னைப் பக்கத்தில் அழைத்தார். குரல் தணிந்துதான் இருந்தது. "சொல்லிட்டு வேட்டிய ஒதறிக்கிட்டுப் போயிரலாம்னு பாத்தியா? அம்புட்டு லேசுல விட மாட்டேன் மாப்ள."

மருத்துவரிடம் போனேன். அளவு சொன்னவர் வேறு ஊருக்கு மாறிப் போயிருந்தார். புதியவர் பொறுமையாகக் கேட்டார். "ரொம்பச் சுருக்கினா யூரின் குறைய வாய்ப்பு உண்டு. சர்க்கரைக்காரங்களுக்குத் தானாகவும் நிக்கும். எதனாலன்னு இப்ப யாரும் சொல்ல முடியாது சார். இனிமே சரியா அளங்க." சரியாக அளந்தேன். ஒரு முழு நாளுக்கு ஐம்பது மில்லி வந்தது. அடுத்த வாரம் அதுவும் நின்றது. ஆகவே இப்போது அவருக்கு உண்மையான அளவே ஐந்நூறுதான். நான் எடுத்துக்கொண்ட மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்க இனி வழி இல்லை. மருமகளிடம் இதையும் சொன்னேன். "தானா நிக்கும்னு டாக்டரே சொல்லிட்டாருல்ல மாமா" என்றாள். டயாலிசிஸ் கூடத்தில் பஸ் டிரைவர் மட்டும் வருத்தப்பட்டார்: "என்னண்ணே, நீங்களும் நம்ம கட்சிக்கு வந்துட்டீங்க."

நான் இனி வரவில்லை, ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வீட்டில் இருந்துகொண்டேன். என் கையிலிருந்து அவர் தப்பட்டும் என்பதுதான் எண்ணம். இரண்டாம் நாள் முற்பகல் மருமகள் போன் செய்தாள்.

"மாமா, நேத்துலருந்து அப்பா தண்ணியே குடிக்கல. நான் குடுத்தாலும் வேணாங்குறாரு. மாத்திரையவே வெறும் வாயில முழுங்குறாரு. மாமா வந்து ஊத்தட்டும், வேற யாரு ஊத்துனாலும் குடிக்க மாட்டேன்னு சொல்றாரு. உங்க மேல அம்புட்டு பாசம் மாமா அவருக்கு. கொஞ்சம் வாங்க."

போனேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு வெடித்திருந்தது. கட்டிலருகே ஸ்டூலில் டம்ளர் காலியாக இருந்தது.

"வந்துட்டியா மாப்ள? ஊத்து."

ஊற்றினேன். கொஞ்சம் ஸ்டூலில் சிந்தியது. சிந்திய அளவைத் திரும்ப ஊற்றினேன். அவர் டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். உடனே குடிக்கவில்லை. என் கண்ணைப் பார்த்தபடி ஒரு மிடறு விழுங்கினார். டம்ளரை இறக்கினார். பிறகு இன்னொரு மிடறு.

அடுப்படியிலிருந்து மருமகள் கேட்டாள்: "அப்பா குடிச்சிட்டாரா மாமா?"

"குடிச்சுக்கிட்டு இருக்காரும்மா" என்றேன்.